பனி விழுவதில்லை

2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை இரவு. ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் நிலத்தில் தொலைநோக்கியை நிறுத்திவிட்டு நானும் அப்பாவும் நின்றுகொண்டிருந்தோம். செவ்வாய் கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருந்தது. அதை ஒட்டி ஒரு வால்மீன். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருமுறை சூரியன் பக்கம் வந்துபோனது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இனி வருமா என்பதே சந்தேகம். அன்று நிலா எழ இரவு பத்து மணியாகும். அதுவரை நல்ல இருட்டு.

அப்பாவுக்குக் காட்டத்தான் பெங்களூரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். 1986 ஜனவரியில் காவலூரின் பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்ட ராஜீவ் காந்தி வந்தபோது, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றவர் அவர். பார்த்தது ராஜீவ் காந்தியை மட்டும். "அந்தக் கொழாய்ல ஒரு தடவ கண்ண வெச்சுப் பாக்கணும்டா" என்று அவர் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் நான் முக்காலியை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வீட்டிலிருந்து ஒரு பழைய கோரைப்பாயைக் கொண்டுவந்தார். "வாய்ல இத சுத்தி விட்டுடு. தை மாசப் பனி. மேலேர்ந்து எறங்கும்." நான் சிரித்தேன். "பனி மேலேர்ந்தெல்லாம் விழாதுப்பா. காத்துல இருக்கிற ஈரம்தான் அது. பாய் என்ன பண்ணும்?" அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாயை வரப்பில் போட்டுவிட்டு, தக்காளி நாத்தங்கால் மேல் தென்னங்கீற்றை எடுத்து மூடப் போனார். தையில் அவர் தினமும் செய்கிற வேலை அது.

திசை சரிபார்த்து, ஃபோகஸ் பிடித்து, எல்லாம் முடிய எட்டேகால் ஆகிவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வெள்ளையா பொக மாதிரி இருக்குடா." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதான்பா வால்மீன்!" பிறகு நான் கண்ணை வைத்தேன். வால்மீன் இல்லை, செவ்வாயும் இல்லை. எல்லாமே புகை. டார்ச் அடித்துப் பார்த்தால், எட்டு அங்குல முகப்புக் கண்ணாடி முழுக்க முத்து முத்தாகப் பனி.

டீ-சர்ட்டால் துடைத்தேன். செய்யக் கூடாத காரியம் என்று தெரிந்தேதான் துடைத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி படிந்தது. காரில் ஹேர் டிரையரைச் செருகியதும் ஃபியூஸ் போனது. இப்படியே பத்து மணி ஆகி, கிழக்கே நிலா வந்துவிட்டது. ஈரத்தோடு மூடியைப் போட்டு, பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். அந்த மூடிதான் அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு. அது பிறகுதான் தெரிந்தது.

பனி மேலிருந்து விழுவதில்லை என்று நான் சொன்னதில் பிழை இல்லை. அப்பா சொன்ன காரணம் தப்பு. ஆனாலும் நனைந்தது என்னுடைய கண்ணாடிதான், அவருடைய நாத்து அல்ல. இது எப்படி என்று தேடப்போய்த்தான் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்கிற மருத்துவரிடம் வந்துசேர்ந்தேன்.

*

தமிழில் பனி என்ற சொல் ரொம்பத் தாராளமானது. புல் நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி, எலும்பைக் குத்தும் குளிரும் பனி. ஆண்டின் ஆறு பருவங்களில் இரண்டை முன்பனி, பின்பனி என்று அதற்கே கொடுத்துவிட்டோம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் பனி மேலிருந்து கீழேதான் வருகிறது. பெய்கிறது, விழுகிறது, இறங்குகிறது.

நாம் மட்டும் இப்படி நினைக்கவில்லை. பகலில் மேலே போன நீராவி இரவில் குளிர்ந்து கீழே இறங்குவதுதான் பனி என்று அரிஸ்டாட்டில் எழுதினார். தெளிவான, காற்றில்லாத இரவுகளில்தான் பனி படியும் என்பதையும் அவர் கவனித்திருந்தார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து, 1730களில், பாரிஸில் து ஃபே என்பவர் ஓர் ஏணியில் வெவ்வேறு உயரத்தில் கண்ணாடித் தகடுகளைக் கட்டிவைத்துப் பார்த்தார். கீழே இருந்தவை முதலில் நனைந்தன. எனவே பனி தரையிலிருந்து மேலே ஏறுகிறது என்றார். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சண்டை போட்டவர்கள் யாரும், ஏன் தெளிந்த வானத்தின் கீழ் மட்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

தொலைநோக்கிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1610 ஜனவரியில், வியாழனின் துணைக்கோள்களைக் கண்ட அதே நாட்களில் எழுதிய கடிதம் ஒன்றில், லென்சைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் கலிலியோ. மூச்சுக்காற்றும், ஈரக்காற்றும், கண்ணிலிருந்து கிளம்பும் ஆவியும்கூட அதை மங்கச் செய்துவிடுமாம். இதைப் படித்தபோது என் டீ-சர்ட் கொஞ்சம் கௌரவம் அடைந்த மாதிரி இருந்தது.

*

வெல்ஸ் 1757இல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். எடின்பரோவில் மருத்துவம் படித்து, லண்டனில் தொழில் செய்தார். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவராக இருந்தார். பெரிய வருமானம் இல்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1784 இலையுதிர் காலத்தில், ஒரு முரட்டுத்தனமான சோதனையை வைத்துக்கொண்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பனி படியும் இடம் குளிர்ந்திருக்கிறது. ஆகவே பனி படிவதுதான் குளிரை உண்டாக்குகிறது. கிளாஸ்கோவில் பேட்ரிக் வில்சன் என்பவரும் ஏறத்தாழ இதே யோசனையில் இருந்தார். இந்தக் கருத்தோடு வெல்ஸ் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்.

என் தொழிலில் இது தினசரிக் கதை. சர்வர் விழுந்ததும் லாகைத் திறப்போம். இரண்டு பிழைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று மற்றதை உண்டாக்கியது என்பது தெரியும். எது எதை என்பதில்தான் ராத்திரி போகும். வெல்ஸ் செய்ததும் அதுதான். 1811 வாக்கில் மறுபடி ஆரம்பித்து, எது முதலில் வருகிறது என்று பார்த்தார். பனி தோன்றுவதற்கு முன்பே புல், மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்று உலர்ந்த இரவுகளில் பனியே இல்லாமலும் புல் குளிர்கிறது. அப்படியானால் குளிர்தான் முதல், பனி அதற்குப் பிறகு. தன் பழைய கருத்தைத் தானே தலைகீழாகத் திருப்பினார்.

சோதனைக்கூடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பகலில் நோயாளிகள். இரவில், பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்திலிருந்து சுமார் 3 மைல் தள்ளி, சர்ரேயில் இருந்த நண்பர் ஒருவரின் தோட்டம். கருவிகள் என்றால் சில வெப்பமானிகள், ஒரு தராசு, கொஞ்சம் கம்பளி. ஒவ்வொன்றும் 10 கிரெயின், அதாவது ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ள கம்பளிப் பொதிகள். உயரத்தில் நிறுத்திய ஒரு பலகையின் மேல்புறத்தில் ஒரு பொதி, அடிப்புறத்தில் ஒரு பொதி. விடிந்ததும் நிறுத்துப் பார்த்தார். மேலே இருந்தது 14 கிரெயின் கூடியிருந்தது. கீழே இருந்தது 4 கிரெயின்தான்.

இதோடு விட்டிருந்தால், "பார்த்தீர்களா, பனி மேலிருந்துதான் விழுகிறது" என்று அரிஸ்டாட்டில் கட்சி சொல்லியிருக்கும். ஆனால் அடிப்புறப் பொதியும்தானே கனத்திருக்கிறது? மேலிருந்து விழுவது பலகையைத் துளைத்துக்கொண்டு அங்கே போகாதே. அட்டையை வளைத்துக் கூரை போட்டுப் பார்த்தார். உலோகம், கண்ணாடி என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கண்ணாடி சீக்கிரம் நனைகிறது, மெருகேற்றிய உலோகம் சுலபத்தில் நனைவதில்லை. மேகம் வந்தால் புல்லின் குளிர் குறைகிறது, விலகினால் கூடுகிறது. எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. ஒரு பொருள் வானத்தை எவ்வளவு பார்க்கிறதோ அவ்வளவு குளிர்கிறது.

காரணத்துக்கான சாமான்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. எல்லாப் பொருளும் எந்நேரமும் வெப்பத்தைக் கதிராக வெளியே விட்டுக்கொண்டும் மற்றவற்றிடமிருந்து வாங்கிக்கொண்டும் இருக்கின்றன என்று ஜெனீவாவின் பியர் ப்ரெவோ 1791இல் சொல்லியிருந்தார். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அது ஏறியது. இன்று அகச்சிவப்பு என்கிறோம்.

சேர்த்துப் பார்த்தால் கதை எளிது. இரவில் புல்லும் கல்லும் கண்ணாடியும் அகச்சிவப்பாக வெப்பத்தை மேலே அனுப்புகின்றன. மேகம் இருந்தால் அது ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். தெளிந்த வானம் கொஞ்சமாகத்தான் கொடுக்கும். கொடுத்தது அதிகம், வந்தது குறைவு. பொருள், சுற்றியிருக்கும் காற்றைவிடவே குளிர்ந்துபோகிறது. அந்தக் குளிர், காற்று தன் ஈரத்தைத் தாங்க முடியாத அளவுக்குப் போனதும், பொருளைத் தொடும் காற்று ஈரத்தை அங்கேயே இறக்கிவைக்கிறது. காற்று வீசினால் வெதுவெதுப்பு வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், பனி படியாது. அரிஸ்டாட்டில் கவனித்த தெளிந்த வானத்துக்கும், காற்றில்லாத இரவுக்கும் இப்போதுதான் காரணம் கிடைத்தது.

'பனி பற்றிய கட்டுரை' 1814இல் வந்தது. அதற்குள் வெல்ஸின் உடம்பு தளர்ந்துவிட்டது. அந்தக் குறிப்புகள் தனக்கு மட்டும்தான் விளங்கும் என்பதால் அவசரமாக எழுதி முடித்தார். ராயல் சொசைட்டி ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது. 1817இல் இறந்தார். ஓர் அறிவியல் ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக 1830இல் வெல்ஸின் பனி ஆய்வை எடுத்துக்காட்டியவர் ஜான் ஹெர்ஷல். வில்லியம் ஹெர்ஷலின் மகன், அவரும் வானியலாளர். பனியில் நனைந்த குடும்பம்தான்.

*

வெல்ஸின் கட்டுரையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன ஒப்புதல். குளிர்கால இரவுகளில் தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளின் மேல் மெல்லிய பாயைப் போட்டு மூடுவார்கள். அதைப் பார்த்து முன்பெல்லாம் தான் சிரித்ததாக எழுதுகிறார். பாய்க்கு உள்ளேயும் அதே காற்றுதானே, இவ்வளவு மெல்லிய பாய் எந்தக் குளிரைத் தடுத்துவிடும் என்பது அவருடைய கேள்வி. தனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது, அந்த அரைகுறை தந்த கர்வம் அது என்று ஒத்துக்கொள்கிறார். பிறகு புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, அரை அடி உயரத்தில் மிக மெல்லிய கைக்குட்டை ஒன்றை விரித்துக் கட்டினார். அதன் அடியில் இருந்த புல், திறந்த வெளிப் புல்லைவிடப் பல டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது. பாயோ கைக்குட்டையோ, அது குளிர்ந்த காற்றைத் தடுப்பதில்லை. செடிக்கும் வானத்துக்கும் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டேன். வரப்பில் கிடந்த கோரைப்பாய் ஞாபகம் வந்தது.

வெல்ஸ் நம் நாட்டுக்கும் வருகிறார். கிழக்கிந்தியாவில் பனிக்கட்டி செய்யும் விதம் பற்றி சர் ராபர்ட் பார்க்கர் 1775இல் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. குளிர்காலத்திலும் தண்ணீர் தானாக உறையாத அலகாபாத் பக்கத்தில் நடந்த வேலை அது. சுமார் 30 அடிச் சதுரத்தில், 2 அடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுவார்கள். அதில் கரும்புச் சக்கையோ சோளத்தட்டோ கனமாகப் பரப்பி, மேலே ஆழமில்லாத, பளபளப்புப் பூசாத மண் தட்டுகளை வரிசையாக வைப்பார்கள். பொழுது சாயும்போது காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றுவார்கள். சூரியன் வருவதற்குள் வந்து, தட்டுகளில் படிந்த பனிக்கட்டியைக் கூடையில் அள்ளிக்கொண்டு போவார்கள்.

தண்ணீர் ஆவியாவதால்தான் உறைகிறது என்று ஐரோப்பியர் பலர் நம்பினார்கள். வெல்ஸ் மறுத்தார். ஆவியாவதுதான் காரணம் என்றால் காற்று வீசும்போது அதிகம் உறைய வேண்டும். நடப்பதோ நேர்மாறாக. காற்றில்லாத, தெளிந்த இரவுகளில்தான் கட்டி நன்றாகப் பிடிக்கிறது. தண்ணீர் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டு உறைகிறது. அடியில் இருக்கும் தட்டு, தரையின் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. காற்று உறைநிலைக்கு மேலே இருந்த இரவில், சர்ரே தோட்டத்திலேயே அதைச் செய்தும் பார்த்தார்.

அந்தப் பனிக்கட்டிக்காரர்கள் யாருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். எங்கள் அப்பா சொன்ன மாதிரி, "மேலேர்ந்து எறங்குது" என்றுகூட இருக்கலாம். ஆனால் எதைத் திறந்துவைக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

*

இனி தொலைநோக்கிக்கு வரலாம். ஊரிலேயே அதிகமாக வானத்தைப் பார்க்கிற பொருள் அதுதான். அதற்காகவே செய்தது.

வில்லியம் ஹெர்ஷலுக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அவருடைய தொலைநோக்கிகளில் ஒளியைச் சேர்ப்பது லென்ஸ் அல்ல, நீண்ட குழாயின் அடியில் கிடக்கும் உலோக ஆடி. குழாயின் சுவர்கள் வானத்தின் பெரும்பகுதியை மறைத்துவிடும். மெருகேற்றிய உலோகமோ வெப்பத்தைச் சுலபத்தில் வெளியே விடாது. குழாய் நனைந்து சொட்டுகிற இரவுகளிலும் ஆடி நன்றாக வேலை செய்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். ஈரம் அவரை வேறு வழியில் பழிவாங்கியது. செம்பும் வெள்ளீயமும் கலந்த ஆடி, ஈரக்காற்றில் மெல்ல மெல்லக் கறுத்துப்போகும். கழற்றி மறுபடி மெருகேற்ற வேண்டும். 1845இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு நிறுத்திய ஆறடி அகலத் தொலைநோக்கிக்கு இரண்டு ஆடிகள் இருந்தன. ஒன்று மெருகுக்குப் போனால் மற்றது உள்ளே.

லென்ஸ் தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழ். கண்ணாடி, குழாயின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒளியை உள்ளே விடுகிற அதே கண்ணாடி, வெப்பக் கதிர்களைத் தாராளமாக வெளியே விடுகிறது. என்னுடையது ஷ்மிட்-காஸ்கிரெய்ன் வகை. உள்ளே ஆடி, ஆனால் வாயில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு. மெல்லியது என்பதால் சீக்கிரம் குளிரும். அன்று செவ்வாயும் வால்மீனும் தலைக்கு மேலே. அதாவது என் கண்ணாடி வானத்தை முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆப்பில் ஈரப்பதம் பார்த்தேன், பனிநிலை வெப்பம் பார்த்தேன். இரண்டும் காற்றைப் பற்றிய எண்கள். கண்ணாடி காற்றைவிடக் குளிர்ந்துபோகும் என்பது என் கணக்கிலேயே இல்லை.

இதற்கு மருந்தும் பழசுதான். லென்சுக்கு முன்னால் குழாயை இன்னும் கொஞ்சம் நீட்டுவது. லென்சின் அகலத்தில் ஒன்றரை மடங்கு முதல் மூன்று மடங்கு வரை. அந்தக் கூடு வானத்தின் ஓரங்களை மறைத்து, நடுவில் தேவையான துண்டை மட்டும் விடுகிறது. படிவது நிற்காது, தள்ளிப்போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கொஞ்சம் சூடு. கண்ணாடியைச் சுற்றி, காற்றைவிட ஓரிரு டிகிரி மேலே நிறுத்தினால் போதும். அதிகமானால் வெதுவெதுப்பான காற்று நெளிந்து பிம்பம் ஆடும்.

*

வெளியில் படிந்த பனியைத் துடைத்துவிடலாம். உள்ளே போனதுதான் பிரச்சினை.

மூடி போட்ட அந்தப் பை, பெங்களூர் வீட்டுப் பரணில் ஐந்து மாதம் கிடந்தது. ஆபீஸில் ஒரு பெரிய ரிலீஸ். ஜூலை மழையில் ஒருநாள் எடுத்துத் திறந்தேன். முகப்புத் தகட்டின் உள்பக்கத்தில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள். பூஞ்சை.

இந்தப் பூஞ்சைக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் நியூ கினிக் காடுகளுக்குப் போன ராணுவங்களின் பைனாகுலர்களும் குறிபார்க்கும் கருவிகளும் சில வாரங்களிலேயே குருடாகின. இறுக மூடிய கருவிக்குள் ஈரம் புகுந்து, லென்சின் மேல் பூஞ்சை பிடித்தது. ஆஸ்திரேலியாவில், 1940இல் அமைத்த ஒளியியல் தளவாடக் குழு இதற்கு வழி தேடியது. கண்ணாடிப் பிரச்சினைக்கு விடை காண மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் ஜே. எஸ். டர்னர் வர வேண்டியிருந்தது. பூஞ்சையைக் கொல்லும் பாதரசச் சேர்மம் ஒன்றைக் கருவிக்குள் சேர்த்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். பூஞ்சை கண்ணாடியைத் தின்பதில்லை. தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, விரல் ரேகை எது கிடைத்தாலும் அதற்குப் போதும். வளரும்போது வெளிவிடும் அமிலம்தான் கண்ணாடியை அரிக்கிறது.

பழுது பார்ப்பவர் தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். இழைகள் போய்விட்டன. அவை இருந்த தடம் போகவில்லை. சாய்த்துப் பிடித்தால் ஒரு ரூபாய் அகலத்துக்கு மங்கலாகத் தெரியும். "ஈரத்தோட மூடிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நனைந்த கருவியை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மூடியைக் கழற்றி, வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு சிலிகா ஜெல்லோடு மூட வேண்டும். படித்திருந்தேன். தெரியும். செய்யவில்லை.

*

2024 தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தொலைநோக்கியையும் கொண்டுபோனேன். 330 ஓம் ரெசிஸ்டர் இருபதை வட்டமாகப் பேரலலில் பற்றவைத்து, 12 வோல்ட் பேட்டரியில் ஏறக்குறைய 9 வாட் சூடு தருகிற ஒரு பட்டை செய்திருந்தேன். அதைக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். கோரைப்பாய் எங்கே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து, அரிவாளால் அளவாக வெட்டி, குழாயின் வாயில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நாத்தங்காலுக்குப் பந்தல் கட்டுகிற அதே முடிச்சு.

வெல்ஸ் பற்றிச் சொன்னேன். தோட்டக்காரர்களைப் பார்த்து அவர் சிரித்ததைச் சொன்னேன். "அப்புறம் ஒத்துக்கிட்டாரா?" என்றார். ஒத்துக்கொண்டு புத்தகத்திலேயே எழுதிவிட்டார் என்றேன். "பெரிய மனுசன்தான்."

வால்மீன் எப்போதோ போய்விட்டது. ஓரியன் நெபுலாவைக் காட்டினேன். தடம் விழுந்த கண்ணாடி என்பதால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி லேசான ஒளிப்பூச்சு இருந்தது. அப்பாவுக்கு அது தெரியவில்லை. ரொம்ப நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"இதுவும் பொக மாதிரிதான்டா இருக்கு."

"இது நெஜமாவே பொகதான்பா. அதுலேர்ந்துதான் புது நட்சத்திரமெல்லாம் பொறக்குது."

"நாத்தங்கால்னு சொல்லு."

பதினோரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். பாயின் வெளிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையை உள்ளே விட்டுக் கண்ணாடியின் ஓரத்தைத் தடவினேன். ஈரமே இல்லை.